கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையிற் காணப்படும் சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரி காலத்தில் மாத்திரமே ஓடுகின்றது. ஆகவே குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்றையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. சில இடங்களில் வீட்டுக் கிணறு வேறாகவும் தோட்டக் கிணறு வேறாகவும் இருத்தல் உண்டு. எனினும் இரண்டும் நிலத்தின் கீழுள்ள ஒரே நீரிலிருந்தே ஊறுகின்றன. தோட்டத்திற் செய்யப்படுவது எதுவோ அது காலப்போக்கிற் குடிநீர்க் கிணற்றையும் சென்றடையும்.

தமது கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிய கமக்காரருக்குச் சில நாட்களில் ஒரு தாள் கிடைக்கின்றது. மின்கடத்துதிறன், குளோரைட்டு, வன்மை, நைத்திரேற்று, கோலிபோம் என்னும் சொற்களும் அவற்றுக்கெதிரே எண்களும் அதிற் காணப்படும். அவர் அறிந்த சொற்களோ நல்ல தண்ணீர், சவர்த் தண்ணீர், உவர்த் தண்ணீர் என்பனவே. இவ்வழக்குச் சொற்கள் பிழையானவை அல்ல. உப்பைப் பொறுத்தவரையில் நாவின் தீர்ப்பு ஓரளவுக்குச் சரியானதே. ஆனால் தாளிலுள்ள ஏனையவற்றுட் பெரும்பாலானவை நாவுக்குப் புலப்படா. கமத்தொழிலோடு மிக நெருங்கிய தொடர்புடைய நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; கேடு விளைக்கும் அளவிற் சுவையுமில்லை. நல்ல தண்ணீர் என ஊரார் புகழும் கிணற்றிலும் அது மிகுந்திருத்தல் கூடும்.

நிலத்தின் கீழ் நீர் நிற்கும் விதம்

குடாநாட்டின் அடியிற் சுண்ணாம்புக்கற் பாறை பரந்துள்ளது. இப்பாறையில் வெடிப்புக்களும் துவாரங்களும் குகைகளும் மிகப் பல. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் ஒரு பகுதி இவற்றினூடாக இறங்கிப் பாறையில் தங்குகின்றது. அதன் கீழேயும் பக்கங்களிலும் கடல் நீர் புகுந்துள்ளது. நாற்பது இறாத்தல் நிறையுள்ள நன்னீர் கொள்ளும் பாத்திரத்திற் கடல் நீரை நிரப்பினால் அது ஏறக்குறைய நாற்பத்தொரு இறாத்தல் நிறுக்கும். இச்சிறு வேறுபாட்டினால் நன்னீர் கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இடைவிடாத இறைப்பினால் நன்னீரின் மேல் மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே எழ இடமுண்டு. புத்தூருக்கு அணித்தான நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலரும் அறிவர். அங்கு வெளிப்படையாகக் காணப்படும் இந்நிலை ஏனைய கிணறுகளின் அடியில் மறைவாக உள்ளது.

உப்பைக் குறிக்கும் சொற்கள்

அறிக்கையிலுள்ள எண்களிற் பல “ஓர் இலீற்றரில் இத்தனை மில்லிகிராம்” என எழுதப்படும். ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து இலட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு என்று கொண்டாலும் பொருள் ஒன்றே.

மின்கடத்துதிறன் என்பது நீரினூடாக மின் எவ்வளவு இலகுவாகச் செல்லும் என்பதைக் காட்டும் அளவு. தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புக்கள் கரையக் கரைய இத்திறன் கூடும். ஆகவே இது மொத்த உப்பின் அளவை விரைவில் அறிவதற்கான வழியாகும். சில அறிக்கைகளில் இது மைக்கிரோசீமன் என்ற அலகிலும் வேறு சிலவற்றில் தெசிசீமன் என்ற அலகிலும் தரப்படும். ஒரு தெசிசீமன் ஆயிரம் மைக்கிரோசீமனுக்குச் சமம். 1.2 என்று ஓர் அறிக்கையிலும் 1200 என்று மற்றோர் அறிக்கையிலும் இருந்தால் இரண்டு நீரும் ஒரே தன்மையன. எண்ணை மாத்திரம் பார்த்து ஒன்று நல்லதென்றும் மற்றது கெட்டதென்றும் முடிவு செய்வோர் உளர்.

மொத்தக் கரைந்த திண்மங்கள் என்பது நீரை முற்றாக வற்றச் செய்தால் எஞ்சும் பொருளின் நிறை. மைக்கிரோசீமனில் உள்ள கடத்துதிறனை 0.64 ஆற் பெருக்கினால் இது ஏறக்குறையக் கிடைக்கும். குடிநீருக்கான இலங்கைத் தரக்கட்டளை 614 (2013) இதற்கு விதித்துள்ள எல்லை இலீற்றருக்கு 500 மில்லிகிராம்.

குளோரைட்டு என்பது கறியுப்பின் ஒரு பகுதி. கடல் நீரின் ஓர் இலீற்றரில் ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீருக்கான எல்லையோ 250 மில்லிகிராம். நூறு குடம் நன்னீரில் ஒன்றரைக் குடம் கடல் நீர் கலந்தாலே இவ்வெல்லை கடந்துவிடும். கிணறொன்றிற் குளோரைட்டு ஆண்டுதோறும் ஏறிவருமாயின் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ கடல் நீர் நெருங்குகின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நாவுக்குச் சவர்ச்சுவை தட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்வேற்றத்தை அறிக்கையிற் கண்டுகொள்ள முடியும்.

எல்லாப் பயிரும் உப்பை ஒரே அளவிற் பொறுத்துக்கொள்வதில்லை. நல்ல வடிகால் உள்ள நிலத்தில், விளைச்சல் குறையாமல் போஞ்சியும் கரற்றும் தாங்கக்கூடிய கடத்துதிறன் ஏறக்குறைய 700 மைக்கிரோசீமன். வெங்காயம் 800 வரையும், மிளகாய் 1000 வரையும், தக்காளி 1700 வரையும் தாங்கும். பீற்றூட் 2700 வரையும் பொறுக்கும் வல்லமை உடையது. நெல்லுக்கு 2000 எனச் சொல்லப்படினும் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அது உப்புக்கு எளிதில் இளைத்துவிடும். வெங்காயம் சரியாகப் பருக்காத தோட்டத்தில் விதையையும் பசளையையும் குறை கூறுமுன் கடத்துதிறனைப் பார்த்தல் நன்று. 1200 என்று காட்டும் கிணற்றுக்கு வெங்காயத்திலும் தக்காளி ஏற்றது.

நீர் உவர்க்கத் தொடங்கியதும் கிணற்றை மேலும் ஆழமாக்குவோர் பலர். வன்னியின் கரும்பாறை நிலத்தில் நீர் வற்றிய கிணற்றுக்கு அது பொருந்தலாம். குடாநாட்டிலோ ஆழமாக்குதல் உவரை நோக்கிச் செல்வதேயாகும். ஆழமான குழாய்க் கிணறு இடுவதற்கும் இது பொருந்தும். துலாவும் சூத்திரமும் இருந்த காலத்தில் இறைப்பின் அளவுக்கு மனிதனின் களைப்பும் மாட்டின் களைப்பும் எல்லையிட்டன. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. ஒரே மூச்சிற் பல மணி நேரம் இறைக்காது, சிறிது சிறிதாக இறைத்து நீர் மீண்டும் ஊற இடமளித்தல் வேண்டும். மாரிநீரைத் தேக்கி நிற்கும் ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி வைத்திருந்தால் அந்நீர் கடலுக்கு ஓடிவிடாது நிலத்தில் இறங்கி நன்னீர் வில்லையைத் தடிக்கச் செய்யும்.

வன்மையும் பீ. எச். பெறுமானமும்

வன்னீரிற் சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெண்ணிறப் படை படியும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்த கல்சியமும் மகனீசியமும் இதற்குக் காரணம். தரக்கட்டளையின் எல்லை 250 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் இதைத் தாண்டுவது இயல்பே. கேத்தலிற் படியும் பொருளைக் கண்டு அஞ்சி நல்ல கிணறொன்றைக் கைவிடுதல் வேண்டியதில்லை. சொட்டு நீர்ப்பாசனக் குழாய்களின் சிறு துவாரங்களை அடைத்துவிடுவதே கமக்காரருக்கு இதனால் வரும் பெருந்தொல்லை. மற்றொரு வகையிற் கல்சியம் நன்மையும் செய்கின்றது: சோடியம் மிகுந்த நீர் களிமண்ணை இறுகச் செய்து நீர் இறங்குவதைத் தடுக்கும், கல்சியம் அதை எதிர்க்கும். அறிக்கையிற் சோடிய உறிஞ்சல் விகிதம் என்று காணப்படுவது இவ்விரண்டின் ஒப்பீட்டையே குறிக்கின்றது. கடலோர வயல் உடையோர் அதைக் கவனித்தல் வேண்டும்.

பீ. எச். பெறுமானம் புளிப்பையும் காரத்தையும் காட்டும். 7 என்பது நடுநிலை, 6.5 தொடக்கம் 8.5 வரை குடிநீருக்கு ஏற்றது. சுண்ணாம்புக்கற் பிரதேசக் கிணறுகளில் இது பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை.

நைத்திரேற்று

அறிக்கையின் எல்லா வரிகளிலும் கமக்காரர் முதலிற் பார்க்கவேண்டியது இதுவே. குடிநீருக்கான எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றின் நிறையைத் தராது அதிலடங்கிய நைதரசனின் நிறையை மாத்திரம் தருகின்றன. அவ்வாறாயின் எல்லை ஏறக்குறைய 11. “நைத்திரேற்று நைதரசன்” என்று எழுதப்பட்டுள்ள எண்ணை 4.43 ஆற் பெருக்கினால் நைத்திரேற்றின் அளவு வரும். இவ்வேறுபாட்டை அறியாதவர் 20 என்ற எண்ணைக் கண்டு எல்லைக்குள் உள்ளதென மகிழக்கூடும். அது நைதரசனாயின் உண்மையான அளவு 89 ஆகும்.

பெரியவர்களுக்கு இதனால் உடனடியான துன்பம் தோன்றுவதில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும்போதே பேராபத்து உண்டாகின்றது. குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் தன்மையைக் குறைக்கின்றது. உதடும் நகமும் தோலும் நீலம் பாரிக்கும், மூச்சுத் திணறும். அத்தகைய குழந்தையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். தாய்ப்பால் மாத்திரம் அருந்தும் குழந்தைக்கு இவ்வாபத்து மிகக் குறைவு.

நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இங்கு பெரும் பிழையாகும். கொதிக்கும்போது நீர் ஆவியாகச் செல்ல நைத்திரேற்று பாத்திரத்தில் எஞ்சி நிற்கும். அதன் செறிவு முன்னிலும் கூடும். துணியாலும் கரியாலும் வடித்தலும் பயன் தராது. நுண்ணிய சவ்வினூடாக நீரை அழுத்தி வடிக்கும் இயந்திரங்கள் இதை நீக்கவல்லன. அவ்வசதி இல்லாதவர் குழந்தைக்கென வேறு நீரைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும். சுத்தமான கூரையிலிருந்து சேகரித்து மூடி வைத்த மழைநீரில் நைத்திரேற்று மிகச் சிறிதே இருக்கும். அதைக் கிருமிகள் நீங்கக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம்.

இனி, இது எங்கிருந்து வருகின்றது? யூரியாப் பசளையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோகிராம் நிறையுள்ள மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதிற் பத்திலொரு பங்கு, அதாவது 2.3 கிலோகிராம், பயிருக்குக் கிட்டாது நைத்திரேற்றாகக் கீழே கழுவப்படுகின்றது என வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 2 இலட்சம் இலீற்றர் தூய நீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. 12 அடி விட்டமும் 10 அடி நீரும் உள்ள கிணறு ஏறக்குறைய 32,000 இலீற்றர் கொள்ளும். ஆகவே ஒரு மூடையின் பத்திலொரு பங்கு ஆறு கிணற்று நீருக்குச் சமமான அளவைக் கெடுக்கவல்லது.

யூரியாவை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. மாட்டெருவும் கூட்டெருவும் குழையும் மண்ணில் உக்கும்போது அவற்றின் நைதரசனும் ஈற்றில் நைத்திரேற்றாகவே மாறும். இயற்கை எரு ஆதலாற் கிணற்றுக்குத் தீங்கில்லை என்று எருக்கும்பத்தைக் கிணற்றோரத்திற் குவித்து வைப்பதும், மாட்டை அங்கு கட்டுவதும் பல வளவுகளிற் காணப்படும் காட்சிகள். மலகூடக் குழியிலிருந்தும் இதே பொருள் இறங்குகின்றது.

வலிகாமத்தின் செம்மண் நீரை விரைவாக உள்ளிழுக்கும். வெங்காயத்தின் வேரோ மேல் ஓர் அடிக்குள் நின்றுவிடும். பசளை இட்ட மறுநாள் பாத்தி நிரம்ப நீர் பாய்ச்சினால் பசளை வேரைக் கடந்து பாறை வெடிப்புக்குட் சென்றுவிடும். அங்கிருந்து அதை மீட்கும் வேர் இல்லை. கமக்காரரின் பணமும் அதனுடன் இறங்குகின்றது. ஆகவே பசளையைப் பல தடவைகளாகப் பிரித்து இடுதலும், நீரை அளவாக அடிக்கடி பாய்ச்சுதலும், பெருமழை எதிர்பார்க்கப்படும் நாட்களிற் பசளை இடாதிருத்தலும் வேண்டும். நீர் கட்டி நிற்கும் நெல் வயலில் நிலைமை வேறு. அங்கு காற்று இல்லாச் சேற்றில் நைதரசன் பெரும்பாலும் அமோனியமாகவே மண்ணைப் பற்றி நிற்கும். தோன்றும் சிறிதளவு நைத்திரேற்றும் வாயுவாக மாறிச் சென்றுவிடும். எனவே குடிநீரை நைத்திரேற்றாற் கெடுப்பதில் நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்துக்கே பங்கு அதிகம்.

அறிக்கையில் 50 என்று காணும் கமக்காரர் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அத்தகைய நீரை ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரத்துக்குப் பாய்ச்சும்போது ஏறக்குறைய 1.16 கிலோகிராம் நைதரசன் நிலத்திற் சேர்கின்றது. போகம் முழுவதிலும் 20 அங்குலம் பாய்ச்சினால் அது 23 கிலோகிராம் ஆகும்; அதாவது ஒரு மூடை யூரியா. பதினாறு பரப்புத் தோட்டத்துக்கு ஒரு மூடைப் பசளையைக் கிணறே கொடுக்கின்றது என்பது இதன் பொருள். முன்னர் இட்டு வீணாகிய பசளையே நீருடன் திரும்பி வருகின்றது. இதைக் கழித்து எவ்வளவு பசளை இடலாம் என்பதை அறிக்கையுடனும் மண் பரிசோதனை முடிவுடனும் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் சென்று தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று.

கோலிபோம்

இவை மனிதனதும் விலங்குகளினதும் குடலிலும் மண்ணிலும் வாழும் பற்றீரியங்கள். இவற்றுள் ஈ. கோலை என்னும் வகை நீரிற் காணப்பட்டால் மலம் அண்மையிற் கலந்துள்ளது என்பது தெளிவு. நூறு மில்லிலீற்றர் குடிநீரில் இது ஒன்றேனும் இருத்தலாகாது. கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே 50 அடி தூரம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும். மணலினூடாகவும் மண்ணினூடாகவும் நீர் வடிந்து வரும் இடங்களுக்கு அது தகும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பிலோ நீர் வடிவதில்லை, ஓடுகின்றது. ஆகவே இயன்ற அளவு கூடிய தூரம் விடுதலும், குழியின் அடியையும் பக்கங்களையும் சீமெந்தினாற் பூசி நீர் கசியாதவாறு கட்டுதலும் வேண்டும். பாறையினூடாக மாசு எவ்வளவு பரவும் என்பதற்குச் சுன்னாகமே சாட்சி. அங்கு மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய பகுதிகளிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

நைத்திரேற்றுக்கு உதவாத கொதிப்பு இங்கு முற்றாக உதவும். கிணற்றுக்குக் குளோரீன் இடுவதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவைக் கேட்டறிந்து இடுதல் வேண்டும். கிணற்றுக் கட்டு உடையாமலும், குளிக்கும் நீர் மீண்டும் கிணற்றினுட் செல்லாமலும் பார்த்துக்கொண்டாலன்றி மருந்து நெடுநாள் நில்லாது.

வவுனியா, அனுராதபுரம் போன்ற கரும்பாறைப் பிரதேசத்தினர் புளோரைட்டு என்னும் வரியையும் பார்த்தல் வேண்டும். அதன் எல்லை 1 மில்லிகிராம். மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பற்களிற் கபில நிறக் கறை விழும்; மிக அதிகமாகிப் பல ஆண்டுகள் நீடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். இதையும் கொதிக்க வைத்து நீக்க முடியாது.

நீர் மாதிரி எடுக்கும் முறை

பிழையாக எடுத்த மாதிரிக்குச் சரியான அறிக்கை கிடையாது. இரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாத்திக்குப் போத்தலை அதே கிணற்று நீரால் மும்முறை அலம்பி, பின்னர் நிரப்பி மூடுதல் வேண்டும். எண்ணெய், சோடா, மருந்து முதலியன இருந்த போத்தல்கள் ஆகா. பற்றீரியப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்தல் வேண்டும். அதை அலம்புதலும், மூடியின் உட்புறத்தை விரலாற் தொடுதலும் கூடாது. பனிக்கட்டியுடன் வைத்து இயன்றால் ஆறு மணி நேரத்துக்குட் சேர்ப்பித்தல் வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிற் கட்டணம் செலுத்தி இப்பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்தல் சிறந்தது. புரட்டாதியில், மழைக்கு முன், உப்பு உச்சத்தில் நிற்கும். தை மாதத்தில், மழை கழுவிக் கொண்டுவந்தவை தெரியவரும். எடுத்த திகதி, நீர் மட்டம் கிணற்று விளிம்பிலிருந்து எத்தனை அடி கீழே நின்றது, அன்று இயந்திரம் எத்தனை மணி நேரம் இறைத்தது, கடைசியாகப் பசளை இட்ட நாள் எது என்பவற்றை அறிக்கையின் பின்புறத்தில் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு புரட்டாதியின் எண்ணை அடுத்த புரட்டாதியின் எண்ணுடனேயே ஒப்பிடலாம். தை மாத எண்ணுடன் ஒப்பிடுதல் பொருந்தாது.